தட்டு அறுந்த இடத்தில் தாமிரம்

நியூகினித் தீவின் நடுமலைத் தொடரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, "ஆஸ்திரேலியத் தட்டின் முன்பகுதி அறுந்து பூமிக்குள் விழுந்ததால்தான் இம்மலையில் இவ்வளவு தாமிரமும் தங்கமும் சேர்ந்தன என்று கருதுகிறார்கள்" என ஒரே வரியில் சொல்லிச் சென்றிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியையே பிடித்துக்கொண்டு கேள்வி கேட்கின்றன. விளக்கம் கேட்க வாசகர்களுக்கு உரிமை உண்டு. அவ்வளவு பெரிய செய்தியை ஒரு வரியில் அடக்கியது என் பிழைதான். ஆகவே இந்த மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: புவித்தட்டு நூறு கிலோமீட்டர் அளவுக்குத் தடித்தது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அவ்வளவு தடித்த பாறை எப்படி அறும்? அறுந்தாலும் அதற்கும் தாதுவுக்கும் என்ன தொடர்பு? (ஓர் ஆசிரியர், தேனி)

ஒரே தட்டின் இரு பகுதிகள் எடையில் ஒத்துப்போகாததுதான் அறுவதற்குக் காரணம். கடலடித் தட்டு நாளாக நாளாகக் குளிர்ந்து கனக்கிறது. அது வேறொரு தட்டின் கீழ் அமிழ்ந்து ஆழத்துக்குச் செல்லும்போது, அதிலுள்ள பசால்ட் பாறை அழுத்தம் தாங்காமல் எக்லோகைட் என்ற இன்னும் நெருக்கமான பாறையாக மாறுகிறது. எக்லோகைட்டின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 3.5 கிராம், சுற்றிலும் உள்ள கவசப் பாறையின் (புவியின் மேலோட்டுக்குக் கீழே உள்ள மான்டில் அடுக்கு) அடர்த்தி 3.3 கிராம் அளவே. எனவே உள்ளே போன பகுதி, பின்னால் வருவதையும் சேர்த்துக் கீழே இழுக்கிறது. தட்டுகளை நகர்த்தும் விசைகளுள் முதலிடம் இந்த இழுப்புக்குத்தான்.

கடலடி முழுவதும் உள்ளே போய்த் தீர்ந்து, அதன் பின்னால் ஒட்டியிருந்த கண்டம், தட்டு உள்ளே இறங்கும் கடற்பள்ளமான அகழியின் விளிம்புக்கு வந்து சேரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கண்டப் பாறையின் அடர்த்தி 2.7 அல்லது 2.8 கிராம். அது சிறிது தூரம் உள்ளே இழுபடும். அதற்கு மேல் மூழ்காது. நீர் நிறைந்த குடம் கிணற்றுக்குள் தொங்க, கயிறு கப்பியில் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். குடத்தின் கனம் குறையாது, கயிறும் இறங்காது. புரி பிரிந்து நைந்த இடத்தில் அது அறும். தட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. நீங்கள் சொல்லும் நூறு கிலோமீட்டர்த் தடிமன் குளிர்ந்த தட்டுக்கு உரியது. ஆழத்தில் தங்கித் தங்கிச் சூடேறிய தட்டு, பிசைந்த மாவை இரு கைகளாலும் இழுப்பதுபோல் நடுவில் மெலிந்து நீள்கிறது. கண்டமும் பழைய கடலடியும் ஒட்டிய இடத்துக்கு அருகில், பல லட்சம் ஆண்டுகள் நீடிக்கும் இந்த இழுபறியின் முடிவில், கடலடிப் பகுதி தனியே பிரிந்து மூழ்குகிறது. பெரும்பாலும் முழு நீளத்துக்கும் ஒரே சமயத்தில் அறுவதில்லை. துணியின் ஓரத்தில் கிழிசல் விழுந்து ஓடுவதுபோல் ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் பரவுகிறது. இந்தக் கருத்துக்கு முழு வடிவம் கொடுத்தவர்கள் ஹு டேவிஸ், பிரீட்ஹெல்ம் பான் பிளாங்கென்பர்க் ஆகிய இருவர், ஆண்டு 1995. அவர்கள் விளக்க முற்பட்டது ஆல்ப்ஸ் மலையின் எரிபாறைகளை, அதாவது உருகிய குழம்பு ஆறி இறுகிய பாறைகளை.

அறுந்ததும் நிகழ்வனவற்றுள் தாதுவுக்கு மிகவும் வேண்டியது, இடைவெளியை நிரப்ப ஆழத்திலிருந்து ஏறிவரும் சூடான கவசப் பாறை. ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பமுள்ள அந்தப் பாறை, அதுவரை குளிர்ந்த தட்டு மறைத்துக்கொண்டிருந்த மேல்பகுதியின் அடிவயிற்றைத் தொடுகிறது. தொட்ட இடம் சிறிது சிறிதாக உருகுகிறது. கீழே தொங்கிய கனம் நீங்கியதால் மலை விரைந்து உயர்கிறது. பாறையில் செயல்படும் விசைகளின் திசை மாறி, பிளவுகள் சில இடங்களில் வாய் திறக்கின்றன. உருகிய பாறைக்குழம்புக்கு மேலே வர வழி கிடைக்கிறது.

நியூகினி இதற்கு நல்ல சான்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் வேகத்தில் வடக்கு நோக்கி நகரும் ஆஸ்திரேலியக் கண்டத்தின் முன்விளிம்பு, அங்கிருந்த எரிமலைத் தீவு வரிசை ஒன்றின் மீது மோதியது. தீவின் மிக உயர்ந்த சிகரமான புஞ்சாக் ஜெயாவின் உயரம் 4,884 மீட்டர். அதன் உச்சியில் இருப்பதோ கடலில் படிந்த சுண்ணாம்புப் பாறை. அந்தச் சிகரத்துக்கு மிக அருகில்தான் கிராஸ்பெர்க் தாமிரத் தங்கப் படிவு இருக்கிறது. அங்கே தாதுவைக் கொண்டுவந்த எரிபாறையின் வயது ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள். கிழக்கே பாப்புவா நியூகினியில் ஓக் தெடி படிவின் வயது 12 லட்சம் ஆண்டுகள் அளவு. அதற்கும் கிழக்கே போர்கெரா தங்கப் படிவின் வயது 60 லட்சம் ஆண்டுகள் அளவு. கிராஸ்பெர்க்குக்கும் போர்கெராவுக்கும் இடையே 600 கிலோமீட்டருக்கு மேல் இருந்தும், மூன்றும் புவியியல் கணக்கில் நேற்றுப் பிறந்தவை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மார்க் குளூஸும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005இல் வெளியிட்ட விளக்கம் இந்தச் சுருங்கிய கால எல்லையையே பற்றுக்கோடாகக் கொள்கிறது. எரிமலைகளைத் தொடர்ந்து பிறப்பிக்கும் சாதாரண அமிழ்தல் இங்கே காரணமாக இருந்திருந்தால், பாறைக்குழம்பு பல கோடி ஆண்டுகள் விடாமல் வந்திருக்க வேண்டும். வந்ததோ மோதலுக்குப் பின், குறுகிய காலம், அதுவும் ஆங்காங்கே சிறு திட்டுகளாக. தட்டு அறுந்து ஒருமுறை வெப்பம் மேலெழுந்தது என்று கொண்டால் இவை மூன்றும் பொருந்துகின்றன. எனக்கு இந்த வாதம் வலுவாகவே தோன்றுகிறது.

கிராஸ்பெர்க் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1936இல் அந்தப் பனிமலைக்கு ஏறிய டச்சுப் புவியியலாளர் ழான் ழாக் டோசி, கறுத்து நின்ற ஒரு பாறைக் குன்றைக் கண்டு அதற்கு ‘எர்ட்ஸ்பெர்க்’, அதாவது தாதுமலை, என்று பெயரிட்டார். பக்கத்தில் புல் மூடிக் கிடந்த குன்றுக்குப் ‘புல்மலை’ என்ற பொருளில் கிராஸ்பெர்க் என்று பெயர் வைத்தார். அவருடைய அறிக்கை போர்க்கால இரைச்சலில் மறக்கப்பட்டது. 1960இல் போர்ப்ஸ் வில்சன் என்பவர் தலைமையில் ஒரு குழு மீண்டும் அங்கே போனது. 1970களின் தொடக்கத்தில் எர்ட்ஸ்பெர்க்கில் சுரங்கம் தொடங்கியது. புல்மலைக்குள் அதைவிடப் பல மடங்கு பெரிய படிவு இருப்பது துளையிட்டுப் பார்த்தபோது தெரியவந்தது 1988இல்தான். பெயர் வைத்ததற்கும் உள்ளே இருப்பதை அறிந்ததற்கும் இடையே 52 ஆண்டுகள்.

கேள்வி: பூமியில் தாமிரம் எங்கும் துளித்துளியாகக் கலந்திருப்பதாகப் படித்தேன். வெறும் சூடு எப்படி அதை ஓரிடத்தில் சேர்க்கும்? (கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

கேள்வியின் பின்பாதியில்தான் உண்மையான கடினம் இருக்கிறது. வெறும் சூடு சேர்க்காது. சராசரிக் கண்டப் பாறை ஒரு டன்னில் இருக்கும் தாமிரம் முப்பது கிராமுக்கும் குறைவு. தங்கம் ஒரு கிராமில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு. சுரங்கம் வைத்துக் கட்டுப்படியாக, டன்னுக்கு ஐந்தாறு கிலோ தாமிரமாவது வேண்டும். அதாவது இயற்கை அதை இருநூறு மடங்கு செறிவாக்கித் தந்திருக்க வேண்டும். தங்கத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

இந்தச் செறிவாக்கம் தட்டு அறுவதற்கு வெகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கடலடித் தட்டு அமிழும்போது தன் சேறு, பாறை, கனிமங்கள் ஆகியவற்றில் பிடித்துவைத்திருந்த நீரை ஆழத்தில் கக்குகிறது. அந்த நீர் பொட்டாசியம், கந்தகம், குளோரின் முதலியவற்றை ஏந்தி மேலே உள்ள கவசப் பாறைக்குள் ஊறுகிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் இப்படி ஊறிய பாறையை, எரு இட்டுத் தரிசாக விட்ட நிலத்துக்கு ஒப்பிடலாம். தட்டு அறுந்து கீழிருந்து சூடு வந்து தொடும்போது, முதலில் உருகுவது எளிதில் உருகக்கூடிய இந்த ஊறிய பகுதிதான். நியூகினியின் தாது தந்த எரிபாறைகளில் பொட்டாசியம் மிகுந்திருப்பது இந்தப் பழைய ஊறலின் அடையாளம்.

இப்படிப் பிறந்த பாறைக்குழம்பில் இரண்டு சிறப்புகள் இருக்க வேண்டும். நூற்றுக்கு நான்கு பங்குக்குக் குறையாமல் நீர் வேண்டும். போதிய ஆக்சிஜனும் வேண்டும். ஆக்சிஜன் குறைந்தால் கந்தகம் சல்பைடாகி, தாமிரத்தையும் தங்கத்தையும் தன்னோடு கட்டிக்கொண்டு, கனமான துளிகளாக ஆழத்திலேயே தங்கிவிடும். ஆக்சிஜன் போதிய அளவு இருந்தால் கந்தகத்தின் பெரும்பகுதி சல்பேட் வடிவில் குழம்பில் கரைந்தே இருக்கும். உலோகங்களும் குழம்போடு மேலே வரும். பலர் கவனிக்காமல் கடந்துபோகும் இடம் இது. பல மலைத்தொடர்களில் பாறைக்குழம்பு ஏராளமாக வந்தும் தாது இல்லாமல் போனதற்கு, உலோகம் பாதி வழியில் இவ்வாறு இறங்கிவிட்டதும் ஒரு காரணம்.

குழம்பு தரைக்கு ஐந்தாறு கிலோமீட்டர் கீழே வந்து தங்கிப் படிகமாகும்போது, அதில் கரைந்திருந்த நீர் இனி இருக்க இடமில்லாமல் பிரிகிறது. சோடாப் புட்டியைத் திறந்ததும் வாயு பொங்குவதைப் போன்றது இது; பொங்குவது இங்கே எழுநூறு டிகிரி வெப்பத்தில் உள்ள உப்புநீரும் ஆவியும். தாமிரம் குளோரினோடு இணைந்து பாறைக்குழம்பை விட்டு இந்த உப்புநீருக்கு ஓடிவிடுகிறது. அழுத்தம் மேலே உள்ள பாறையை நொறுக்க, மயிரிழை போன்ற ஆயிரமாயிரம் வெடிப்புகளில் நீர் பரவுகிறது. வெப்பம் 400 டிகிரிக்கு அருகே இறங்கும்போது தாமிரத்தால் கரைந்து நிற்க முடிவதில்லை. கந்தகத்தோடும் இரும்போடும் சேர்ந்து, பித்தளை நிறமுள்ள சால்கோபைரைட் கனிமமாக வெடிப்புகளில் படிகிறது. பாகு ஆறும்போது நூலைச் சுற்றிக் கற்கண்டு கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்க வேண்டியதில்லை. இவ்வாறு உருவான படிவுக்குப் போர்பிரித் தாமிரப் படிவு என்று பெயர். அதே நீர் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் பாய்ந்தால், சுண்ணாம்பைத் தின்று அந்த இடத்தில் தாதுவை வைக்கிறது. டோசி கண்ட எர்ட்ஸ்பெர்க் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

நீர் போகும் வழியும் முக்கியம். நியூகினியில் தட்டுகள் நேருக்கு நேர் மோதாமல் சாய்வாக உரசுவதால், மலைக்குள் பக்கவாட்டில் நழுவும் பிளவுகள் உண்டாகின்றன. அவை வளையும் இடங்களில் பாறை சற்றே விலகிக் குழம்புக்கு இடம் கொடுத்தது என்று அங்கே களஆய்வு செய்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒரே குழாய் வழியாகக் குழம்பும் உப்புநீரும் திரும்பத் திரும்ப ஏறியதால்தான் கிராஸ்பெர்க் அவ்வளவு செறிவாக அமைந்தது.

இந்தப் படிவுகளைப் பற்றி எழுதிவிட்டு ஆறுகளைப் பற்றி எழுதாமல் விட எனக்கு மனம் வரவில்லை. ஓக் தெடிப் பகுதியில் ஆண்டு மழை எட்டு மீட்டருக்கும் மேல்; மலை செங்குத்து; நிலநடுக்கம் இயல்பு. 1984இல் சுரங்கக் கழிவைத் தேக்கக் கட்டிக்கொண்டிருந்த அணையின் இடம் மண்சரிவில் சிதைந்தது. அதன்பின் அரைத்த பாறைக் கழிவு ஓக் தெடி ஆற்றிலும் அது சேரும் பிளை ஆற்றிலும் விடப்பட்டு, கரையோரக் காடுகளையும் மீன்வளத்தையும் மக்களின் தோட்டங்களையும் பாழாக்கியது. தாதுவைத் தரைக்கு அருகே கொண்டுவந்த அதே விரைந்த உயர்ச்சிதான், கழிவைப் பத்திரமாகத் தேக்கி வைக்க முடியாத நிலத்தையும் உண்டாக்கியிருக்கிறது. இவ்வகைப் படிவைத் தோண்ட முடிவு செய்பவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: நூறு கிலோமீட்டருக்குக் கீழே நடந்ததை யார் பார்த்தார்கள்? இது ஊகம்தானே? (வாசகர், யாழ்ப்பாணம்)

கண்ணால் பார்த்தவர் இல்லை. சான்றில் இருந்து பெற்ற முடிவு. நிலநடுக்க அலைகள் குளிர்ந்த பாறையில் விரைந்தும் சூடான பாறையில் தயங்கியும் செல்கின்றன. உலகெங்கும் உள்ள நிலையங்களில் அலை வந்து சேரும் நேரத்தைத் தொகுத்து, மருத்துவமனையில் உடலின் உட்பகுதியைப் படம் எடுப்பதுபோல் பூமியின் உட்பகுதியையும் படமாக்க முடிகிறது. மத்தியதரைக் கடல் முதல் கார்பேத்தியன் மலை வரையுள்ள பகுதியின் இத்தகைய படங்களைக் கொண்டு, தட்டு எங்கே இன்னும் ஒட்டியிருக்கிறது, எங்கே அறுந்து தனியே கிடக்கிறது என்று ரிநுஸ் வோர்ட்டெல், விம் ஸ்பாக்மன் ஆகிய இருவரும் 2000இல் விரிவாக எழுதினார்கள்.

அறுபடும் நிலையில் இன்று இருப்பனவாகக் கருதப்படும் இடங்களும் உண்டு. ருமேனியாவின் விரான்சியா பகுதியில், ஏறத்தாழ 70 முதல் 180 கிலோமீட்டர் ஆழத்துக்குள், மிகக் குறுகிய ஒரு தூண் போன்ற பகுதியில் மட்டும் நிலநடுக்கங்கள் நிகழ்கின்றன. செங்குத்தாகத் தொங்கும் ஒரு பாறைத் துண்டு தன் கனத்தால் நீள்வதே காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். 1977 மார்ச் 4 அன்று அங்கே ஏற்பட்ட நடுக்கம் புக்காரெஸ்ட் நகரைச் சிதைத்து, நாடு முழுவதும் ஏறத்தாழ 1,500 பேரைக் கொன்றது. நமக்கு அருகில் இந்துகுஷ் மலையின் அடியிலும் இதே நிலை. 2015 அக்டோபர் 26 அன்று தில்லி வரை உணரப்பட்ட நிலநடுக்கம், 200 கிலோமீட்டருக்கும் கீழே, மெலிந்து நீண்டுகொண்டிருக்கும் ஒரு தட்டுத் துண்டில் தோன்றியது.

எனினும் ஒரு குறிப்பிட்ட படிவைத் தட்டு அறுந்ததுதான் உண்டாக்கியது என்று சொல்லக் காலமும் இடமும் வேதியியலும் ஒன்றாகப் பொருந்த வேண்டும். தட்டின் அடிப்பகுதி உரிந்து விழுவதும், மேல்தட்டு இழுபட்டு மெலிவதும்கூடச் சூடான பாறையை மேலே வரவிடும். ஆகவே பல படிவுகளுக்குப் போட்டி விளக்கங்கள் உள்ளன. தட்டு அறுதலை எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவியாகப் பயன்படுத்தும் கட்டுரைகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் தட்டு அறுந்த இடமெல்லாம் தாது கிடைக்குமா? (வாசகர், கோயம்புத்தூர்)

கிடைக்காது. இந்தக் கருத்தே பிறந்த ஆல்ப்ஸ் மலையில், 3 முதல் 4 கோடி ஆண்டுகளுக்கு முன் எழுந்த எரிபாறைகள் வரிசையாக உள்ளன. ஆனால் சொல்லிக்கொள்ளும்படியான போர்பிரித் தாமிரப் படிவு ஒன்றும் அங்கே இல்லை. ஆல்ப்ஸ் பகுதியில் அமிழ்ந்த கடல் குறுகியது. மோதலுக்கு முன் அங்கே எரிமலைகளும் குறைவு. எரு இடாத நிலத்தில் மழை பெய்தது போலாயிற்று என்று நான் புரிந்துகொள்கிறேன்.

கார்பேத்தியன் பகுதியில் கதை வேறு. ருமேனியாவின் அபுசேனி மலையில் உள்ள ‘தங்க நாற்கரம்’ என்னும் பகுதி ஐரோப்பாவின் மிக வளமான தங்க நிலங்களுள் ஒன்று. அங்குள்ள எரிபாறைகளின் வயது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி முதல் 70 லட்சம் ஆண்டுகள். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் வளையத்தில் உள்ள இளம் தாதுப் படிவுகளைத் தட்டு அறுதலோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வு ஒன்று 1998இல் வெளிவந்தது. அபுசேனியில் மேல்தட்டு இழுபட்டு மெலிந்ததற்கும் பங்கு உண்டு என்பதால் அங்கே விவாதம் நீடிக்கிறது. அந்த மலையின் ரோசியா மொன்டானாவில் ரோமானியர் தோண்டிய சுரங்கங்களில், கி.பி. 131 முதல் 167 வரையிலான ஒப்பந்தங்கள் எழுதிய மெழுகுப் பலகைகள் கிடைத்தன. டெல்லூரியம் என்ற தனிமம் 1782இல் முதன்முதலாக அறியப்பட்டதும் இந்த வட்டாரத்துத் தங்கத் தாதுவில்தான்.

கேள்வி: இமயமலையும் மோதலில் பிறந்ததுதானே? அங்கே ஏன் இத்தகைய சுரங்கங்கள் இல்லை? என் தாத்தா வேலை செய்த கோலார் தங்கமும் இப்படி வந்ததா? (வாசகர், ஓசூர்)

இமயத்தில் உள்ளே அமிழ்ந்தது நம் பக்கத்துத் தட்டு. ஊறலும் உருகலும் நிகழ்வதோ மேலே நின்ற தட்டில். ஆகவே படிவுகள் திபெத்தின் பக்கம் உள்ளன. லாசாவுக்குக் கிழக்கே உள்ள சூலோங், சீனாவின் மிகப் பெரிய தாமிரப் படிவுகளுள் ஒன்று; வயது ஏறத்தாழ 1.6 கோடி ஆண்டுகள். மோதலோ 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. இந்தியாவுக்கு முன்னால் இருந்த டெத்திஸ் கடலின் தட்டு மோதலுக்குச் சில பத்து லட்சம் ஆண்டுகளில் அறுந்தது என்று பலர் கருதுகிறார்கள். அப்படியானால் சூலோங் வரும்வரை இவ்வளவு தாமதம் ஏன் என்பதற்கு, பின்னாளில் இந்தியத் தட்டே கிழிந்தது என்றும், தடித்துப்போன கண்டத்தின் அடிப்பகுதி உருகியது என்றும் விளக்கங்கள் முன்வைக்கப்படுகின்றன. அறுந்து விழுந்த டெத்திஸ் தட்டு எங்கே போனது என்று 1999இல் அலைப்படங்களில் தேடியபோது, இந்தியாவுக்கு அடியிலேயே, ஆயிரம் கிலோமீட்டருக்கும் கீழே, குளிர்ந்த பாறைப் பட்டைகளாக அது தென்பட்டது. தட்டு விழுந்த இடத்திலேயே மூழ்கிக்கொண்டிருக்க, இந்தியா அதைத் தாண்டி வடக்கே வந்துவிட்டது.

கோலார் தங்கம் வேறு வகை. உங்கள் தாத்தாவைப் போன்ற தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழத்தில், 2001இல் மூடப்படும் வரை வெட்டியெடுத்தது, ஆழமான பிளவுகள் வழியாக ஏறிய சூடான நீர் படியவைத்த வெண்கல் (குவார்ட்ஸ்) நரம்புத் தங்கம். அதற்கு அருகில் போர்பிரி எரிபாறை தேவையில்லை. ஆனால் மோதலுக்கும் கோலாருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கோலார்ப் பாறைப் பட்டையின் கிழக்கிலும் மேற்கிலும் உள்ள நிலங்கள் வெவ்வேறு வரலாறு கொண்டவை என்றும், அவை சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒட்டிய தையலே அந்தப் பட்டை என்றும், வி. ராஜாமணி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1989இல் வாதிட்டார்கள். அந்த மோதலில் ஒரு தட்டு அறுந்திருந்தாலும், அது கவசத்தில் கலந்து கரைந்து வெகு காலம் ஆகிவிட்டது. இன்று எந்த அலைப்படத்திலும் அதைத் தேட முடியாது. எஞ்சியிருக்கும் சான்று பாறைகளின் வயதும் வேதியியலும் மட்டுமே.